எட்டு மணி நேர வித்தியாசம்

சனிக்கிழமை. பள்ளியில் ஆள் இல்லை.
வாயிலில் காவலர் ஹாஷிம் மட்டும்
வானொலியைத் தட்டித் தட்டிப் பாட வைக்கிறார்.
கணினிக் கூடத்தில் நான்,
இருபத்திரண்டு பழைய பெட்டிகள்,
கட்டைவிரல் நீளத்தில் ஒரு யூஎஸ்பி.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்று
நான்காம் வரிசையை மூடியபோது
லாரியில் ஏற்றி அனுப்பியவை இவை.
அதே மாதம் என்னையும் அனுப்பியது.
எனக்கு லாரி இல்லை. ஒரு கடிதம்.

இங்கே நான் கூடத்து உதவியாளர்.
பிள்ளைகள் டீச்சர் என்கிறார்கள்.
இரண்டு வாரம் திருத்தினேன், பிறகு விட்டுவிட்டேன்.

தலைமையாசிரியர் குமுதவல்லி சொன்னது இவ்வளவுதான்:
"இலாகா கொடுத்தது விண்டோஸில்தான் ஓடும், அதில் கை வைக்காதே.
ஆனால் சுவிட்சைப் போட்டுவிட்டு
நாங்கள் பசியாறி வரும்வரை
அது சுற்றிக்கொண்டே இருக்கவும் கூடாது."
ஆகவே இரண்டு. ஒரே வட்டில்
விண்டோஸ் ஒரு பக்கம், லினக்ஸ் ஒரு பக்கம்.

பிரிப்பது கத்தரிக்கோல் வேலை இல்லை.
முதலில் குடியிருப்பவரை ஒதுங்கச் சொல்ல வேண்டும்.
அறையெங்கும் இறைந்து கிடக்கும் கோப்புகளை
அவர் ஒரு மூலைக்கு வாரிக்கொள்ளும் வரை
நீலப் பட்டை எறும்பாக ஊரும்.
நடுவில் மின்சாரம் போனால் இருவருக்கும் வீடில்லை.
பாயா தெருபோங் மலைப் பக்கம் இடி.
நான் எந்தச் சாமிக்கும் நேர்ந்துகொள்ளவில்லை.
யூபிஎஸ்ஸை ஒருமுறை தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது.

ஒன்பதாவது பெட்டியில் ஒரு கோப்பு மிச்சம்.
எல்லாம் அழித்தாயிற்று என்று கையெழுத்துப் போட்டுத்தான் தந்திருந்தார்கள்.
வரிசை நான்கு, இரவு.
உள்ளே என் ஊழியர் எண்.
எதிரே, கழிப்பறைக்குப் போன நிமிடங்கள்:
ஆறு. ஒன்பது. நான்கு. பதினொன்று.
பதினொன்று ஏன் என்று யோசித்தேன்.
நினைவில்லை.

அழிக்கவா என்று கேட்டது. ஆம்.
நிச்சயமாகவா என்று கேட்டது.
என்னிடம் யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை.

தொடக்கப் பட்டியலுக்குத் தமிழ் தெரியவில்லை.
நான் இட்ட பெயர்களைக் கேள்விக்குறிகளாகக் காட்டிற்று.
ஒட்டுநாடா கிழித்து ஒவ்வொரு திரைக்கும் கீழே
பேனாவால் எழுதினேன்:
மேலே இருப்பது பரீட்சைக்கு.
கீழே இருப்பது மற்ற எல்லாவற்றுக்கும்.
பத்து விநாடிக்குள் அம்புக்குறியைத் தட்டு.
தட்டாவிட்டால் பரீட்சை.

எல்லாம் முடிந்து வரிசையாக எழுப்பிப் பார்த்தேன்,
முதலில் கீழே உள்ளதை, பிறகு மேலே உள்ளதை.
என் கைக்கடிகாரத்தில் பிற்பகல் மூன்று.
இருபத்திரண்டு திரைகளிலும் காலை ஏழு.

காரணம் எனக்குத் தெரியும்.
உள்ளே இருப்பது ஒரே கடிகாரம்.
ஒருவர் அதில் கிரீன்விச் நேரத்தை எழுதிவைக்கிறார்,
மற்றவர் அதை ஊர் நேரம் என்று படிக்கிறார்.
யாரும் பொய் சொல்லவில்லை.
பினாங்குக்கும் கிரீன்விச்சுக்கும் நடுவே எட்டு மணி நேரம்,
சரியாக ஒரு ஷிப்ட்.
காலை ஏழுக்குத்தான் கையுறையைக் கழற்றுவோம்.
தொழிற்சாலைப் பேருந்து உறுமிக்கொண்டு நிற்கும்.
கண்ணாடியில் தலை சாய்த்தால்
வெல்ட் குவே வரை எதுவும் தெரியாது.

ஒரு வரிக் கட்டளை போதும்.
பெட்டி பெட்டியாகப் போய்த் தட்டினேன்.
ஹாஷிம் சாவிக்கொத்தைக் குலுக்கிக் காட்டினார்.

திங்கள். இணையம் இன்னும் வரவில்லை.
நான்காம் வகுப்பு கிருத்திவாசன் கை தூக்குகிறான்,
ஒன்பதாவது பெட்டியிலிருந்து.
"டீச்சர், இதில மட்டும் ராத்திரி ரெண்டு மணி."
எல்லோரும் சிரிக்கிறார்கள்.
"ராத்திரி ரெண்டு மணிக்கு யாரு டீச்சர் முழிச்சிருப்பா?"

மறந்தேனா, விட்டுவைத்தேனா, தெரியவில்லை.
கொஞ்சம் நகரு என்றேன்.
நாற்காலியை இழுத்துப் போட்டு
அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.